குழந்தைக் காப்பகத்தைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

சந்தையில் நாம் வாங்கும் பெரும்பாலான பொருள்களை நாமே நுகர்கிறோம். அரிசி நன்றாக இல்லையெனில் அடுத்த மாதம் கடையை மாற்றிவிடலாம். குழந்தைக் காப்பகத்தின் நிலை வேறு. கட்டணம் செலுத்துவோர் பெற்றோர். சேவையைப் பெறுவது குழந்தை. பெற்றோர் பகல் முழுவதும் அங்கு இருப்பதில்லை. அங்கிருக்கும் குழந்தைக்கோ குறையை எடுத்துரைக்க இயலுவதில்லை. எனவே, இச்சேவையில் விலையைக் கொண்டு தரத்தை அறிய முடியாது. நேரில் கண்டறிதல் ஒன்றே வழியாகும்.

திருவனந்தபுரத்தில் இத்தேவை நன்கு புலப்படுகிறது. தும்பாவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், 1990இல் தோன்றிய டெக்னோபார்க், மத்திய, மாநில அரசு அலுவலகங்கள் ஆகியவற்றில் பணிபுரியும் பலர் வெளியூர்களிலிருந்து வந்தவர்கள். தமிழகத்திலிருந்து மாற்றலாகி வரும் குடும்பங்களில் பேரக்குழந்தையைக் கவனிக்கப் பாட்டியோ அத்தையோ உடன் இருப்பதில்லை. தாயின் மகப்பேறு விடுப்பு முடியும் நாளன்று காப்பகம் பற்றிய கேள்வி வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

சட்டமும் திட்டங்களும்

பணிபுரியும் தாயின் குழந்தையைப் பேணுவது சமூகத்தின் கடமை என்ற கருத்து நம் நாட்டில் படிப்படியாக வளர்ந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பெண்கள் பணிபுரியும் ஆலைகளில் காப்பகத்தை வற்புறுத்தியது. 1969இல் தில்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமானத் தளத்தில், தொழிலாளரின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன், ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். அதுவே ‘மொபைல் கிரெஷஸ்’ அமைப்பாயிற்று. 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கி, அங்கன்வாடிகள் பெருகின.

2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மகப்பேறு விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியதுடன், 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்ய வேண்டுமெனவும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைச் சென்று காணலாம் எனவும் விதித்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவ்வுரிமை இடம்பெற்றது. எனவே, காப்பகம் தேடுமுன் தம் நிறுவனத்தில் இவ்வசதி உண்டா எனக் கேட்பது முதற்படியாகும். அங்கன்வாடிகள் மாலை அலுவலக நேரம் முடியுமுன்பே மூடப்படுவதால், அங்கன்வாடியுடன் காப்பகத்தையும் இணைக்கும் ‘பால்னா’ திட்டம் மிஷன் சக்தியின் கீழ் வகுக்கப்பட்டுள்ளது.

எத்தனை கைகள்?

காப்பகத்தில் முதலில் எண்ண வேண்டியவை விளையாட்டுப் பொருள்கள் அல்ல; கைகளே. மூன்று வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், மூன்று முதல் ஆறு வயதுடைய 20 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், அவர்களுக்கு உதவியாளர் என்பது மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் குறைந்தபட்ச அளவு. பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர் எனின் மணிக்கு ஒரு குழந்தைக்குக் கிட்டுவது ஆறே நிமிடம். இருபதாயின் மூன்று நிமிடம். அதற்குள் உணவூட்டலும், துணி மாற்றலும், அழுகையைத் தணித்தலும் நிகழ வேண்டும். காப்பகச் செலவில் பெரும்பகுதி ஊதியமே. ஆகவே, கட்டணம் மிகக் குறைவாயின் குறைக்கப்பட்டது எது என்றும், மிகுதியாயின் அது வண்ணச் சுவருக்குச் செல்கிறதா, பணியாளருக்குச் செல்கிறதா என்றும் கேட்டறிதல் நலம். பணியாளர் அடிக்கடி மாறும் இடத்தில் குழந்தை ஒருவரோடும் ஒட்டுவதில்லை.

கட்டடமும் சுற்றுப்புறமும்

2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டது. குறுகிய மாடிப்படியும் கீற்றுக் கூரையும் கற்பித்த பாடத்தை நாம் மறத்தலாகாது. காப்பகம் தரைத்தளத்தில் இருத்தல், இரு வழிகள் இருத்தல், அடுப்பும் எரிவாயு உருளையும் குழந்தைகளின் அறையிலிருந்து விலகியிருத்தல் ஆகியவற்றைக் கண்ணால் காண வேண்டும்.

இந்நகரில் பல காப்பகங்கள் தோட்டத்துடன் கூடிய வாடகை வீடுகளில் நடைபெறுகின்றன. வளாகக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் வலைமூடியும் உண்டா? இடவப்பாதி மழைக்காலத்தில் நீர் தேங்கிக் கொசு பெருகாமல் காக்கப்படுகிறதா? குடிநீர் கொதிக்க வைக்கப்படுகிறதா? கழிவறை நிலைவாயிலின் உட்புறத் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டுமா? இவை சிறு வினாக்களே, விடைகள் சிறியனவல்ல.

அன்பின் அடையாளங்கள்

பாதுகாப்பு மட்டும் போதாது. அழும் குழந்தையை எவரேனும் தூக்குகிறாரா, உணவு திணிக்கப்படுகிறதா, பகல் முழுவதும் தொலைக்காட்சி ஓடுகிறதா என்பவற்றை அரை மணி நேரம் அமைதியாக அமர்ந்திருந்தால் அறியலாம். தமிழ்க் குழந்தைக்கு மொழியும் ஒரு தடை. மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் குடிக்கும் நீர், நமக்கோ பெருக்கு. பசி, தாகம், வலி, சிறுநீர் ஆகியவற்றுக்குக் குழந்தை சொல்லும் சொற்களை எழுதிக் கொடுத்தால் பணியாளருக்கு உதவியாகும்.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையம், இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் வளர்ச்சியை 17 செயல்களைக் கொண்டு கணிக்கும் எளிய அட்டவணையை உருவாக்கியது. தலை நிற்றல், உட்காருதல், நடத்தல் ஆகியவை உரிய காலத்தில் நிகழ்கின்றனவா எனக் கவனித்துச் சொல்லும் பணியாளர் கிடைப்பது பெரும்பேறாகும்.

திறந்த கதவு

2024 நவம்பரில் இம்மாவட்டத்தின் ஓர் அங்கன்வாடியில் கீழே விழுந்து காயமுற்ற சிறு குழந்தையின் பெற்றோருக்கு அச்செய்தி உடனே தெரிவிக்கப்படவில்லை என்ற புகார் எழுந்தது. குழந்தைகள் உள்ள இடத்தில் விழுதல் நிகழக்கூடியதே; மறைத்தல் மன்னிக்கத் தக்கதன்று. எனவே, சேர்க்குமுன் கேட்க வேண்டிய தலையாய வினா இதுவே: “முன்னறிவிப்பின்றி எந்நேரமும் வந்து என் குழந்தையைக் காணலாமா?” தயக்கமான விடை வருமாயின் வேறிடம் தேடுவதே நன்று. பணியாளர் குறித்துக் காவல்துறைச் சரிபார்ப்பு நடந்ததா, குழந்தையை யாரிடம் ஒப்படைப்பார்கள், விபத்து நேரின் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வார்கள் என்பனவும் எழுத்தில் பெறப்பட வேண்டும்.

சேர்த்த பின்னும் பெற்றோரின் பொறுப்பு முடிவதில்லை. திடீரென அச்சம், உறக்கமின்மை, விளங்காத காயம் ஆகியவை குழந்தை பேசும் மொழி. ஐயம் எழின் 1098 என்ற எண்ணை அழைக்கலாம். பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் தெரிவிக்காமலிருப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது.

ஒரு தாய் மன அமைதியுடன் பணிபுரிவது நாட்டின் உற்பத்திக்கும் நன்மை பயக்கும். ஆயினும் காப்பகம் தாயின் வசதிக்கு மட்டும் உரியதன்று. பேசத் தெரியாத ஒரு குடிமகனின் முதல் உரிமை அது. அவனுக்காகக் கேள்வி கேட்பது நம் கடமையாகும்.