ஆயேர் ஏர் ஆன கதை

தஞ்சோங் ரம்புத்தான் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். சர்க்கரை நோயில் பார்வை போன அப்பா, கணினியைப் பேச வைத்துத்தான் எல்லாம் படிக்கிறாராம். தண்ணீர்த் தடை அறிவிப்பு ஒன்றை அது வாசித்தபோது 'ஏர்' 'ஏர்' என்றே வந்ததாம். "யாருமா நம்மள உழக் கூப்பிடறது?" என்றாராம் மனிதர்.

மலாயில் தண்ணீர் 'ஆயேர்'. அதை எழுதும் மூன்று ரோமன் எழுத்துகளையே ஆங்கிலத்தில் படித்தால் 'ஏர்', காற்று. எந்த மொழியில் படிப்பது என்று, திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பானுக்கு யார் சொல்வது? இணையப் பக்கத்தின் முதல் குறியிலேயே 'லாங்' என்று ஓர் இடம் இருக்கிறது. மலாய் என்றால் அங்கே 'எம்எஸ்', தமிழென்றால் 'டிஏ'. பழைய பக்கத்தை நகலெடுத்தவர் ஆங்கிலத்துக்குரிய 'இஎன்'னை அப்படியே விட்டிருப்பார். கருவி அதை நம்பி ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டது. கண்ணால் பார்ப்பவருக்கு இதில் ஒரு வித்தியாசமும் தெரியாது; பிழை ஆண்டுக்கணக்கில் கிடப்பதும் அதனால்தான். மலாய்ப் பக்கத்தின் நடுவே ஒரு தமிழ் வரி வந்தால், அந்த வரிக்கு மட்டும் 'டிஏ' போடவும் வழி உண்டு. போடுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சிறுவயதில் தோட்டத்து லயத்தில் தாத்தாவுக்குத் தமிழ் நேசன் நாளிதழை வாசிப்பது என் வேலை. "மொதல்ல தலைப்ப மட்டும் சொல்லு" என்பார். பிடித்த இடத்தில் நிறுத்தச் சொல்வார். பார்வையற்ற ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானிலும் 'எச்' விசையை அழுத்தினால் தலைப்புத் தலைப்பாகத் தாவலாம். ஆனால் தலைப்புக் குறி போடாமல் எழுத்தைத் தடிமனாக்கி மட்டும் வைத்திருந்தால் தாவ இடமில்லை. முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுத் தீர வேண்டும். தாத்தாவாக இருந்தால் என் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பார்.

பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைப்பதற்கான உலக வழிகாட்டுதல் 1999-இலேயே வந்துவிட்டது. மலேசிய மாற்றுத்திறனாளிகள் சட்டமும் 2008-இல் வந்தது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1985-இலேயே கணினியில் தமிழ் எழுத வைத்த நாடு இது. அப்படியிருந்தும் கோயில் திருவிழா அறிவிப்பு முழுவதையும் ஒரே படமாக்கி, படத்தில் உள்ளதைச் சொல்லும் மாற்று உரைகூட இல்லாமல், பக்கத்தில் ஒட்டிவிடுகிறோம். சாமி படம் அழகாகத்தான் இருக்கிறது. தீமிதி என்றைக்கு என்று வாசகியின் அப்பாவுக்குத் தெரிய, பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிவிட்டு வர வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் அவர் பழகிவிட்டாராம். 'ஏர்' என்று காதில் விழுந்ததும் அண்டாவை நிரப்பச் சொல்லிவிடுகிறார்.