‘லெவல் 5’ கம்பெனியில் வேலையா? அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?

தேனி மாவட்டம் லோயர் கேம்ப்பில், 4 ராட்சதக் குழாய்களில் இறங்கும் தேக்கடித் தண்ணீர் மின்சாரமாகிறது. எந்த மின் நிலையத்திலும் ஷிப்ட் முடித்துக் கிளம்புபவர் லாக் புக்கை எழுதி ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ‘அது அண்ணனுக்குத்தான் தெரியும், அவரு லீவு’ என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இதே ஒழுங்கை சாஃப்ட்வேர் வேலையில் எதிர்பார்ப்பதுதான் ‘சி.எம்.எம்.ஐ’.

யார் உருவாக்கியது?

ராணுவத்துக்கான சாஃப்ட்வேர் தாமதமாவதும், செலவு எகிறுவதும் அமெரிக்காவுக்குத் தலைவலியாக இருந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1984-ல் தொடங்கிய ஆய்வு மையத்தில், ஐ.பி.எம்-மில் இருந்து வந்த வாட்ஸ் ஹம்ஃப்ரி இதற்கு அடித்தளம் போட்டார். 1991-ல் ‘சி.எம்.எம்’ வெளியானது. அதன் அடுத்த வடிவமே சி.எம்.எம்.ஐ. சென்னையில் ஹம்ஃப்ரி பெயரிலேயே ஒரு சாஃப்ட்வேர் தரப் பயிற்சி நிறுவனம் உருவானது.

5 படிகள்

1. கெட்டிக்காரர் ஒருவர் இருந்தால் வேலை ஓடும்.
2. ஒவ்வொரு புராஜெக்ட்டும் திட்டமிட்டு நடக்கும்.
3. நிறுவனம் முழுக்க ஒரே நடைமுறை.
4. தவறுகளும் நேரமும் எண்களில் அளக்கப்படும்.
5. அளந்ததை வைத்து நடைமுறையே தொடர்ந்து திருத்தப்படும்.

லெவல் 5 என்றால் ‘பக்’ வராதா?

வரும். அளக்கப்படுவது வேலை நடக்கும் முறைதான். ஆப்பின் தரம் அல்ல. மதிப்பீடும் சோதிக்கப்பட்ட பிரிவுக்கு மட்டுமே. 3 ஆண்டுகளில் காலாவதியாகும். எனவே, ‘எந்தப் பிரிவுக்கு, எப்போது வாங்கியது?’ என்று கேளுங்கள்.

சுவரில் 5 என்று மாட்டியிருக்கலாம். நீங்கள் லீவு போட்டால் வேலை நின்றுவிடுகிறதா? உங்கள் டீம் இன்னும் முதல் படியில்தான் இருக்கிறது.