நாணத்தின் அளவுகோல்

ஒழுக்கம் காலத்தால் மாறாதது என்பர். ஆயினும், எதனை வெளிப்படச் சொல்லலாம், எதனைச் சொல்லலாகாது என்னும் வரையறை தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்திருப்பதை வரலாறு காட்டுகின்றது. தஞ்சையிற் பிறந்த ஒரு தெலுங்குக் காவியத்தின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டிலே தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னன் பிரதாபசிம்மனின் அவையில், முத்துப்பழனி என்னும் கணிகை புலமையாற் சிறந்து விளங்கினாள். அவள் இயற்றிய நூல் 'ராதிகா சாந்த்வனம்'. இளாதேவியைக் கண்ணனுக்கு மணமுடித்து வைத்த இராதை பின்னர்ப் பிரிவாற்றாது ஊடுவதும், அவ்வூடலைக் கண்ணன் தணிப்பதும் அதன் பொருள். பெண்ணின் வேட்கையைப் பெண்ணே தயக்கமின்றிப் பாடியமை அந்நூலின் தனிச்சிறப்பு. அக்காலத்து அரசவையிலே சிருங்காரம் ஒரு கலையாகவே போற்றப்பட்டது.

நூறாண்டு கழிந்தது. ஆங்கில ஆட்சியோடு விக்டோரியா மகாராணி காலத்து ஒழுக்கக் கொள்கையும் வந்து சேர்ந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் ஆபாச நூல் விற்பதைக் குற்றமாக்கியது. 1868இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஹிக்ளின் வழக்கிலே, எளிதிற் கெடக்கூடிய மனத்தினரைக் கெடுக்கும் இயல்புடையது எதுவோ அதுவே ஆபாசம் என்று விதித்தது. நூலின் தகுதியை நோக்காது, அதனைப் படிப்போருள் மிக மெலிந்தவரை நோக்கி அளக்கும் முறை இவ்வாறு வேரூன்றிற்று.

கற்றோர் உள்ளத்தையும் இக்காற்று தொட்டது. கைம்பெண் மறுமணத்தை 1881இல் துணிந்து நடத்திவைத்த சீர்திருத்தச் செம்மல் கந்துகூரி வீரேசலிங்கம், முத்துப்பழனியின் புலமையை ஒப்புக்கொண்டார். ஆனால், அவளது பாடல்கள் பெண்கள் நாவிலும் செவியிலும் படத்தகாதவை என்று கடிந்தார். பெண்ணின் துயரைக் கண்டு இரங்கிய அவருக்கும் பெண்ணின் வேட்கையைக் கேட்கப் பொறுக்கவில்லை.

இதனை எதிர்த்து எழுந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றிலே தியாகராஜ சுவாமிகளுக்குப் பிற்காலத்திற் சமாதிக் கோயில் எழுப்பிய இசையரசி அவரே. முந்திய பதிப்பிலே விலக்கப்பட்ட செய்யுள்களையும் ஏட்டுச்சுவடியிலிருந்து மீட்டு, 1910இல் நூலை முழுமையாக வெளியிட்டார். ஆடவர் பாடிய சிருங்காரத்தை ஏற்றுக்கொண்டோர், அதனைப் பெண் பாடியபோது மட்டும் நாணுவதேன் என்பது அவர் எழுப்பிய வினா. சென்னை அரசாங்கமோ நூலைத் தடைசெய்தது. புலவர் பலர் விண்ணப்பித்தும் பயனில்லாது போயிற்று.

ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகளின் பின், 1947இலேயே தடை நீங்கியது. அதே ஆண்டிற்றான், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டமும் சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது. பொட்டுக்கட்டும் வழக்கினாற் பெண்கள் பலர் உற்ற இழிவை ஒழிக்க முனைந்தோரின் நோக்கம் நன்றே. ஆயினும், அக்குலத்துப் பெண்கள் வளர்த்த இசைக்கும் கவிதைக்கும் உரிய மதிப்பு அவர்களுக்குக் கிட்டப் பின்னும் காலம் சென்றது. 1952இல் காவியம் மீண்டும் அச்சேறியது; நாகரத்தினம்மாள் மறைந்ததும் அவ்வாண்டிலேயே.

தஞ்சை அவையிற் பாடப்பட்டதும், சென்னையிற் பறிமுதலானதும், பின் விடுதலை பெற்றதும் ஒரே நூல். நூலின் சொற்கள் மாறவில்லை, மாறியது அளவுகோல். ஆதலின், ஒன்றைக் கண்டு முகஞ்சுளிக்கும்போது, அது பிறர்க்குத் தீங்கு செய்வதனாலா, அன்றிச் சொன்னவர் இன்னார் என்பதனாலா என்று வினவுதல் நன்று. முன்னையது ஒழுக்கத்தின்பாற்படும், பின்னையது வெறும் வழக்கத்தின்பாற்படும்.