நெல் நிலத்தில் ரோஜா

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் நெல்லுக்குக் குறைவில்லை. தஞ்சைக் கதம்பத்தின் மணமும் யாவரும் அறிந்ததே. ஆயினும், வீட்டுத் தோட்டத்தில் ரோஜா வளர்க்க முற்படுவோர் பலர் முதல் மழைக்காலத்திலேயே மனம் சோர்ந்துவிடுகின்றனர். யாமும் அவ்வாறு சோர்ந்தவர்களே. வயலுக்கு வரப்பு இடுவதுபோல் செடிகளைச் சுற்றி வரம்பு கட்டினோம். ஐப்பசி அடைமழையில் 5 செடிகளும் இலை மஞ்சளித்து மாண்டன. அன்று மழையை நொந்தோம். பிழை எம்முடையதெனப் பின்னரே உணர்ந்தோம்.

காரணம் யாதெனில், நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுச் செல்லும் நுண்வழிகள் உண்டு. ஆதலின் அது தேங்கிய நீரிலும் உயிர்வாழும். ரோஜாவுக்கோ அவ்வமைப்பு இல்லை. களிமண்ணில் நீர் எளிதில் வடியாது. காற்றின்றி வேர் அழுகும்.

ஆகவே, 1½ அடிக் குழி தோண்டி, அம்மண்ணுடன் ஆற்றுமணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி, தரைக்கு மேல் முக்கால் அடி மேடாக்கி நடுதல் வேண்டும். நல்ல வெயில் படும் இடமே ஏற்றது. எட்வர்டு ரோஜா நம் வெப்பத்தைத் தாங்கும். ஒட்டுச்செடியாயின், ஒட்டுக்குக் கீழ் முளைக்கும் தளிரை உடனே நீக்குக. இன்றேல் அதுவே மேலோங்கிப் பூஞ்செடியை அடக்கிவிடும். கவாத்துச் செய்தபின் சுமார் 45 நாளில் அரும்பு காணலாம். கனகாம்பரத்துக்கு இளநிழல் நன்று. மல்லிகையைக் கார்த்திகையில் கவாத்துச் செய்தால் பங்குனி முதல் மலரும்.

மேட்டில் யாம் மீண்டும் நட்ட இரு செடிகள் சென்ற மாரியைக் கடந்து, இன்று மலர்ந்து நிற்கின்றன. மண்ணையும் மழையையும் பழியாது, செடியின் இயல்பறிந்து பேணுதலே தோட்டக்கலையின் முதற்பாடமாம்.