உப்பில்லா மென்னீர்க் கருவி: உண்மை என்ன?

சென்ற விடுமுறையில் கிள்ளானிலுள்ள வீட்டிற்குச் சென்றிருந்தேன். தண்ணீர்க் குழாயில் கம்பி சுற்றிய சிறு பெட்டி ஒன்று தொங்கியது. "உப்பே தேவையில்லையாம் ஐயா, மின்சாரமே தண்ணீரை மென்மையாக்கிவிடுமாம். ஆயிரத்து இருநூறு வெள்ளி," என்றார் அம்மா. அது அவர் பல மாதங்களாகச் சேர்த்த பணம். வேதியியல் மாணவனான எனக்கு மனம் கேட்கவில்லை.

கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீரே கடின நீர். காய்ச்சும்போது கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது கால்சியம் கார்பனேட். உப்பைப் பயன்படுத்தும் கருவியிலுள்ள பிசின் மணிகள் ஒரு கால்சியம் அயனியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு சோடியம் அயனிகளை விடுகின்றன. உப்புக் கரைசல் அம்மணிகளைப் புதுப்பிக்கிறது. மின்னணுக் கருவியோ எதையும் நீக்குவதில்லை. மின்காந்தப் புலத்தால் படிகங்கள் நீரிலேயே உருவாகி, குழாயில் ஒட்டாமல் ஓடிவிடும் என்பதே விற்போரின் வாதம். சில ஆய்வுகளில் படிவு ஓரளவு குறைந்தது. ஆனால், அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை 2001-இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய கருவிகளால் பயன் எதுவும் காணப்படவில்லை. படிவு குறைந்தாலும் கால்சியம் நீரிலேயே இருப்பதால், அதனை மென்னீர் என்று சொல்ல இயலாது.

"முன்பு கேத்தலில் வெள்ளை படிந்ததா அம்மா?" என்று கேட்டேன்.

"இல்லையே. சில நாள் தண்ணீர் பழுப்பாக வந்தது, அதனால்தான் வாங்கினேன்."

சிக்கல் இங்கேதான். கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய் நீர் பெரும்பாலும் சிலாங்கூர், லங்காட் ஆறுகளிலிருந்து வருவது, இயல்பிலேயே மென்மையானது. பழுப்பு நிறம் வண்டலாலும் பழைய குழாய்த் துருவாலும் வருவது. அதனை வடிகட்டிதான் தடுக்கும். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வாடகை வீட்டிற்கு அருகிலிருக்கும் பாட்டி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறும் அவ்வூர்க் கிணற்று நீரில் கேத்தல் வெளுத்துப்போகும் என்பார். இங்கே அவர் கேத்தலில் அந்த வெள்ளையே இல்லை, கருவியும் இல்லை!

நண்பர்களே, வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு புட்டியில் குழாய் நீரும் மற்றொன்றில் மழைநீரும் எடுத்து, சவர்க்காரக் கட்டியைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். இரண்டும் ஒரே அளவு நுரைத்தால் உங்கள் நீர் மென்னீரே. கருவி வாங்கியவர்கள், அதனைப் பொருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த நீரை இப்படி ஒப்பிடலாம்.

அம்மாவின் பணம் திரும்பவில்லை. உங்கள் வீட்டாருக்காவது இதைச் சொல்லி வையுங்கள்.