செங்கம் சாலையில் பத்திரமும் பங்கும்

1992 ஏப்ரலில் சென்செக்ஸ் 4,400-ஐத் தாண்டி நின்றது. அந்த மாதம் ஒருவர் பத்தாயிரம் ரூபாயைப் பங்குகளில் போட்டார், இன்னொருவர் அதே பத்தாயிரத்துக்குத் தபால் நிலையத்தில் கிசான் விகாஸ் பத்திரம் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பத்திரம் ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பான காலம் அது. 1997 அக்டோபரில் இருபதாயிரம். அதை அப்படியே மறுபடி பத்திரமாக்கியிருந்தால் 2003 ஏப்ரலில் நாற்பதாயிரம். பங்கு வாங்கியவருக்கு? 2003 ஏப்ரலில் சென்செக்ஸ் 3,000-ஐ ஒட்டிக் கிடந்தது. பதினோரு வருஷம் பொறுத்திருந்தும், சந்தையோடு சேர்ந்து அவர் பணத்திலும் மூன்றில் ஒரு பங்கு கரைந்திருக்கும். நடுவே வந்த டிவிடெண்ட் மட்டும்தான் ஆறுதல்.

திருவண்ணாமலையில், செங்கம் சாலை ரமணாசிரமத்தைச் சுற்றி அந்த நாளில் வந்து குடியேறியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கைக்கு வந்த பி.எஃப். பணத்தோடு, பகவான் ரமணர் இருந்த இடத்தில் மிச்ச நாளைக் கழிக்கலாம் என்று வந்தவர்கள். பி.பி.எஃப். கணக்கே 12 சதவீதம் கொடுத்தது. அந்த விகிதத்தில் ஒரு லட்சத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய். வாடகையும் அரிசியும் பாலும் அதற்குள் அடங்கும்போது பங்குச் சந்தைப் பக்கம் யார் தலைவைத்துப் படுப்பார்கள்? பங்கு என்றால் சென்னையில் ஒரு தரகர் வேண்டும். காகிதச் சான்றிதழும் மாற்றுப் படிவமும் பதிவுத் தபாலில் போய்வர வேண்டும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து. காகிதமில்லாத டீமேட் 1996-ல்தான் வந்தது.

அந்த 12 சதவீதத்தை இன்று ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 1991-ல் விலைவாசி உயர்வே பத்து சதவீதத்துக்கு மேல். வட்டியை முழுக்கச் செலவழித்தவருடைய அசல், எண்ணில் அப்படியே இருந்தது. வாங்கும் சக்தியில் வருஷா வருஷம் தேய்ந்தது. இது கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் என்பதால் யாரும் அழவில்லை.

பிறகு வட்டியே இறங்கியது. 2000 ஜனவரியில் பி.பி.எஃப். 11 ஆனது, 2003 மார்ச்சில் 8. 2020 ஏப்ரலிலிருந்து 7.1. ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பான கிசான் விகாஸ் பத்திரத்துக்கு 2023 ஏப்ரல் முதல் 115 மாதம் தேவை. நடுவே 2001 ஜூலையில் யூனிட் டிரஸ்ட்டின் யு.எஸ்.64 திட்டம் பணம் திருப்பித் தருவதை நிறுத்திவைத்தது. நிலையான வருமானம் என்று நம்பி வாங்கிய பல பெரியவர்களுக்கு, அதன் வயிற்றுக்குள் இருந்ததில் பெரும்பகுதி பங்குகள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பங்குகளின் கதை அதே நேரத்தில் திரும்பிவிட்டது. 2003-ல் 3,000 இருந்த சென்செக்ஸ் 2024-ல் 80,000-ஐத் தாண்டியது. இருபத்தோரு ஆண்டில் ஏறத்தாழ 26 மடங்கு, பி.பி.எஃப்.பில் அதே காலத்தில் சுமார் ஐந்து மடங்குதான். செங்கம் சாலையில் காபி குடித்துக்கொண்டே இளைஞர் ஒருவர் மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு எஸ்.ஐ.பி. தொடங்கிவிடலாம். பத்திரமும் கைபேசிக்கு வந்துவிட்டது: 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ரீடெயில் டைரக்ட் கணக்கில் பத்தாயிரம் ரூபாய்க்கே தமிழ்நாடு அரசின் கடன் பத்திரத்தை நேரடியாக வாங்கலாம்.

பெரியவர்கள் 1992-ஐ நினைத்துப் பங்கைக் கண்டு பயப்படுகிறார்கள். இளையவர்கள் 2003-க்குப் பிந்தியதை மட்டும் பார்த்துப் பத்திரத்தை ஏளனம் செய்கிறார்கள். இருவர் கையிலும் இருப்பது பாதி ஞாபகம். இரண்டும் பிடிக்காமல் மூன்றாவது வழி தேடியவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் வட மாவட்டங்கள் 2022-ல் பார்த்தன. மாதம் 25, 30 சதவீதம் தருவதாகச் சொன்ன ஆருத்ரா நிறுவனத்தில் சிக்கிய பணம் 2,438 கோடி.

இந்தப் பகுதிக்கென்று ஒரு பரீட்சையும் வந்தது. ரமண நகரில் வீடு கட்டி, சீசனுக்கு வரும் வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுவதே பலருக்கு ஓய்வூதியம். 2020 மார்ச்சில் விசா நின்றது, கிரிவலத்துக்கும் தடை. அறைகள் காலி. மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 26,000-க்குக் கீழே முடிந்தது. வாடகையை மட்டும் நம்பியவர் அன்று பங்கை விற்றிருந்தால் அடிமாட்டு விலைதான். மனையில் அரை சென்ட்டை அவசரத்துக்கு விற்கவும் முடியாது. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் திட்டத்தில் கொஞ்சம் வைத்திருந்தவருக்கு ஏப்ரல் முதல் தேதி வட்டி கணக்கில் ஏறியது. அவர் பங்கைத் தொடவேண்டிய அவசியமே வரவில்லை. நவம்பரிலேயே சந்தை பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது.

அறுபது வயதில் இங்கே குடிவருகிறவருக்கு இன்னும் இருபத்தைந்து வருஷம் அரிசி வாங்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், அடுத்த ஆறேழு வருஷச் செலவைப் பத்திரத்திலும் வைப்பிலும் வைத்துவிட்டு, அதற்கு அப்பால் தேவைப்படும் பணத்தைத்தான் குறியீட்டு ஃபண்டில் போடச் சொல்வேன். பதினோரு வருஷம் சந்தை எழாமலே கிடக்கலாம் என்று பயப்படுகிறவர் அந்த ஆறேழைப் பத்தாக்கிக்கொள்ளட்டும். அதற்கு விலையாகக் கொஞ்சம் வளர்ச்சி குறையும். என் தலைமுறைக்காரர்களிடம் இதைச் சொன்னால், "அப்போ முழுசும் பேங்குல போட்டா தப்பா சார்?" என்கிறார்கள். எழுபத்தெட்டு வயதில் என்றால் தப்பில்லை. அறுபதில் முழுவதையும் அங்கேயே போட்டால், எண்பதாவது வயதில் பால்காரருக்குக் கொடுக்க அந்த வட்டி போதாது.