ஓரறை வீடும் ஒரு குழந்தையின் உலகமும்



"நாங்கள்லாம் லயத்து வீட்டுல வளர்ந்தவங்கதானே? எங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?" தஞ்சோங் மாலிமில் நமது கலந்துரையாடலுக்கு வந்திருந்த பாட்டி ஒருவர் இப்படிக் கேட்டார். அரங்கமே கைதட்டியது. நியாயமான கேள்விதான்.

லயத்து வீடு சிறியது. ஆனால் வாசலில் ஓடியாட இடம் இருந்தது. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும் தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார். தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் பற்றிய விதிகள் 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டத்திலும் இடம்பெற்றன. அந்த வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்லவில்லை. சத்துணவும் படிப்பும் எட்டாத பிள்ளைகள் அங்கே ஏராளம். இருந்தாலும், தோட்டம் துண்டாடப்பட்டு நாம் அடுக்குமாடிக்கு வந்தபோது ஆயாக் கொட்டகை நம்முடன் வரவில்லை.

அடுக்குமாடி வாழ்க்கையின் நிலை என்ன? கோலாலம்பூர் வட்டாரத்தின் மலிவு விலை அடுக்குமாடிகளில் யூனிசெப் நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டில் பிள்ளைகள் படிக்க ஒரு கதைப் புத்தகம்கூட இல்லை.

குழந்தையின் மூளை முதல் சில ஆண்டுகளில்தான் மிக வேகமாக வளர்கிறது. அதற்கு உணவு வேண்டும், உறக்கம் வேண்டும், பேச்சும் வேண்டும். டின்பால் கரைத்த தண்ணீர் வயிற்றை நிரப்பும், சத்தைத் தராது. தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். சிகரெட் புகை பிஞ்சு நுரையீரலைக் கெடுக்கும். நாள் முழுதும் அலறும் தொலைக்காட்சி பேச்சைக் குறைத்துவிடும். தொலைக்காட்சியில் வேலை செய்யும் நானே இதைச் சொல்கிறேன்! இரண்டு வயதுக் குழந்தைக்குத் திரை நேரம் ஒரு மணிக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

வசதியில்லாத வீட்டில் என்னதான் செய்ய முடியும்? ஜமைக்காவில் 1980களில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை ஆராய்ந்தனர். சுகாதார உதவியாளர்கள் அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் சென்றனர். பிள்ளையோடு எப்படிப் பேசுவது, வீட்டிலேயே செய்த பொம்மைகளைக் கொண்டு எப்படி விளையாடுவது என்று தாய்மார்களுக்குக் காட்டினர். இருபது ஆண்டுகள் கழித்து, அந்தப் பிள்ளைகளின் வருமானம் அவ்வாறு சந்திக்கப்படாத வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்ததாக 2014இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

அந்தப் பொம்மைகளுக்குப் பெரிய செலவில்லை. நம் வீட்டுக் கொட்டாங்கச்சியும் காலி டப்பாவும் போதும். சமைக்கும்போது காய்களின் பெயரைச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி கதை சொல்லட்டும். கிளினிக்கில் எடை, உயரம் பார்க்கும் நாளைத் தவறவிடாதீர்கள். நான்கு வயதில் பாலர் பள்ளியில் பதியுங்கள்.

பெற்றோர் மட்டும் இச்சுமையைச் சுமக்க முடியாது. 1922 முதல் ஆசிரியர்களை உருவாக்கி வரும் ஊர் இது. சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தேசிய ஆய்வு மையம் இருக்கிறது. அந்த அறிவு அடுக்குமாடிப் படியேறி வர வேண்டும். ஒவ்வொரு குடியிருப்பிலும் தரமான காப்பகம் வேண்டும் என்று நாமும் கேட்க வேண்டும்.

பாட்டி, உங்களைக் காத்தது லயத்து வீடு மட்டுமல்ல, சுற்றியிருந்த மனிதர்களும்தான். அவர்களைத்தான் உங்கள் பேரப்பிள்ளை இன்று தேடுகிறது.